சுவைஞரும் அடையாளமும்: ஒரு பாடற்போட்டியை முன்வைத்து

தொலைக்காட்சி நிகழ்ச்சியை விடுத்து, அதுபற்றிச் சுவைஞர் பேசும் பேச்சை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மரபு புதியதன்று. ஒல்லாந்தில் இயென் ஆங், மகளிர் சஞ்சிகையொன்றில் விளம்பரம் செய்து பெற்ற 42 கடிதங்களைக் கொண்டு 'டாலஸ்' தொடரின் சுவைஞரை ஆராய்ந்து 1982இல் நூலாக்கினார். சுவைஞர் பிறர் ஆக்கத்தைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்பவர் என்று ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வாதிட்டார். இன்று கடிதத்தின் இடத்தை இணையவழி உரையாடல் பெற்றுள்ளது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. கடிதம் எழுதுபவர் தம் விருப்புக்கு நியாயம் கூறுகிறார். இணையத்திற் பேசுபவரோ தம் கூட்டத்தார் கேட்கப் பேசுகிறார். அடையாளம் பற்றிய வினா முனைப்புறுவது இங்கேதான்.

2023இல் ஜீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' போட்டியில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷாவும் மலையகத்து அசானியும் பாடினர். டிசம்பரில் கில்மிஷா முதலிடம் பெற்றார். காரைநகர் மக்கள் பொன்னாலைப் பாலத்துக்கு அப்பால் மட்டுமன்றி இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்பவர்கள். அத்தகையோருக்கு அது 'எங்கள் பிள்ளை'யின் வெற்றி. இதனை வெறும் ஊர்ப்பற்று எனத் தள்ளுதல் பொருந்தாது. தமிழக ஊடகங்களிற் பெரிதும் போர்ச்செய்தியாகவே அறியப்பட்ட சமூகம் கலையால் அறியப்படும்போது கொள்ளும் பெருமிதத்துக்கு வரலாற்று நியாயம் உண்டு.

ஆயின் குரலோடு மண்ணின் துயரையும் காட்சிப்பொருளாக்கியது அந்நிகழ்ச்சியே. சுவைஞர் அடையாளத்தைத் தாமே படைத்தனர் என ஜென்கின்ஸ் வழிநின்று கூறுமுன், அது அவர்களுக்கு ஆயத்தமாக வழங்கப்பட்ட பண்டமும் ஆகும் என்பதை மனங்கொள்ள வேண்டும். இரு சிறுமியரையும் 'ஈழம்' என்னும் ஒரு சொல்லுள் அடக்குவதும் அத்தகையதே. மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டு நிறைவு நினைவுகூரப்பட்டதும் அதே 2023இல்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தோரின் வரலாறு வடபுலத்தாரின் வரலாறன்று. அசானியின் சுவைஞரைத் தனித்து நோக்காத ஆய்வு இவ்வேற்றுமையை மறைத்துவிடும். 

மேலும், எழுதுவோரின் சொற்களே ஆய்வாளர் கையில் அகப்படுகின்றன. மலையக நகரங்களிற் கடை நடத்திய யாழ்ப்பாணத்து வணிகர் பலர். அத்தகைய குடும்பத்து மூதாட்டி ஒருவர் அசானியின் பாட்டை எவ்வாறு கேட்டார், யாரை நினைத்துக் கேட்டார் என்பது எவ்வுரையாடலிலும் பதிவாவதில்லை. அதனை அறிய வீட்டுத் திண்ணைக்கே செல்லவேண்டும்.