தெரிந்ததும் விநோதமானதும்

ஆங்கிலத்தில் ‘குவெயின்ட்’ என்று ஒரு வார்த்தை உண்டு. பழையது, சற்று விசித்திரமானது, ஆனாலும் பார்க்க நன்றாயிருக்கிறது என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற வார்த்தை. காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வேகவதி ஆற்றைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோவிலுக்கு வந்ததும் இந்த மாதிரி வார்த்தையைத்தான் தேடுகிறார்கள். தமிழில் எழுதினால் ‘விநோதமான கோவில்’ என்பார்கள். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. காரணம் அந்த வார்த்தையின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

அதன் மூலம் லத்தீன். அங்கே அதற்கு ‘அறியப்பட்டது’ என்று பொருள். பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தபோது அறிவுள்ள, சாமர்த்தியமான, நுட்பமாகச் செய்யப்பட்ட என்றெல்லாம் பொருள் தந்தது. நுட்பமானது புதுமையாயிற்று, புதுமை விசித்திரமாயிற்று. இன்றைய பொருள் 18-ம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிலைத்தது. தெரிந்தது என்று ஆரம்பித்த வார்த்தை, தெரியாததைக் கண்டு புன்னகை செய்கிற வார்த்தையாக முடிந்திருக்கிறது.

விஜயநகர மந்திரி இருகப்பர் இந்தக் கோவிலில் சங்கீத மண்டபத்தைக் கட்டியது 1387-88-ல். கவி சாஸர் தம் கான்டர்பரி கதைகளைத் தொடங்கியதும் ஏறக்குறைய அப்பொழுதுதான். அந்தக் காலத்து ஆங்கிலேயன் ஒருவன், உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைக்கிற காஞ்சிபுரத்துக் கோர்வை வேலையைப் பார்த்து ‘குவெயின்ட்’ என்றிருந்தால், அது நெசவாளியின் கைத்திறனுக்குக் கொடுத்த பாராட்டு. இன்று அதே வார்த்தையில் நெசவாளி இல்லை. வேடிக்கை பார்க்கிறவன் மட்டும்தான் இருக்கிறான்.

கோவிலின் மேல்விதானத்தில் தீர்த்தங்கரர்களின் கதைகள் வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. நடுவே கண்ணன் வருகிறான். இதென்ன விநோதம் என்று வந்தவர் கேட்பார். சமண மரபில் நேமிநாதர் கண்ணனுக்குப் பெரியப்பா பிள்ளை. தம்பி கதையில் அண்ணன் வருவதில் விநோதம் என்ன? ஓவியங்களுக்குக் கீழே தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். டி. என். ராமச்சந்திரன் 1934-ல் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலைக்காக எழுதிய நூலில் காட்சி காட்சியாக விளக்கியிருக்கிறார். தீட்டியவனுக்கு அது தெரிந்த கதை. நமக்குத்தான் பரிச்சயம் விட்டுப்போயிற்று.

வார்த்தைகள் இப்படித் தடம் மாறுவது ஆங்கிலத்தில் மட்டும் அல்ல. ‘சிரமணர்’ என்றால் பாடுபடுகிறவர். நாம் அன்றாடம் சொல்லும் ‘சிரமம்’ அதே வேரில் பிறந்தது. அது தமிழில் சமணர், அமணர் என்று ஆயிற்று. திகம்பரத் துறவிகளிடம் பிறர் கண்ணுக்குப் பட்டது பாடு அல்ல, ஆடையில்லாததுதான். ‘அம்மணம்’ அங்கிருந்து வந்தது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். ‘விநோதம்’ என்ற வார்த்தைக்கே முதல் பொருள் பொழுதுபோக்கு, இன்பம் என்பதுதான்.

வந்தவாசி, ஆரணிப் பக்கத்தில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களுக்கு இது கோவில், விநோதம் அல்ல. நம் கதாசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்ரஹாரத்தையும் சேரியையும் மலைக் கிராமத்தையும் ‘விநோதமான’ என்ற ஒரே அடைமொழியில் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் வாசகன் நின்று ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த வார்த்தை ஊரைப் பற்றிச் சொல்கிறதா, எழுதியவர் ஊருக்குள் நுழையவே இல்லை என்பதைச் சொல்கிறதா?