கே ஃப்ரேம் கச்சிதம்தான், ஆனா எந்தத் தோட்டாவுக்கு?

ரிவால்வர் ஒப்பீடுகளைப் படிச்சா பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் வருது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஜே ஃப்ரேம் ரொம்பச் சின்னது, அஞ்சு தோட்டாதான். என் ஃப்ரேம் ரொம்பப் பெரிசு. நடுவுல இருக்கற கே ஃப்ரேம்தான் கச்சிதம். கைக்கு அடங்குதா, இடுப்புல கனக்குதா என்ற ரெண்டு கேள்வியோட ஆய்வு முடிஞ்சுடுது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எந்தத் தோட்டாவை எத்தனை தடவை சுடப்போறோம்னு கேட்காம ஃப்ரேம் அளவைப் பத்திப் பேசறதுல அர்த்தமில்லை.

கே ஃப்ரேம் 1899-ல் .38 ஸ்பெஷலுக்காக வந்தது. 1935-ல் .357 மேக்னம் வந்தபோது அதைத் தாங்க என் ஃப்ரேமைத்தான் எடுத்தாங்க. அமெரிக்க எல்லைக் காவல் அதிகாரி பில் ஜோர்டனின் யோசனையில், 1955-ல் கே ஃப்ரேமிலேயே மேக்னம் வந்தது. அதுதான் பின்னால் மாடல் 19 ஆன காம்பாட் மேக்னம். 4 அங்குல பேரலோட சுமார் 1 கிலோ; என் ஃப்ரேம்னா சுமார் 1.2 கிலோ. நாள் முழுக்க இடுப்புல சுமக்கறவருக்கு இது பெரிய வித்தியாசம். பயிற்சிக்கு .38, பணிக்கு .357 என்ற அன்றைய வழக்கத்துக்கு அது நல்ல வடிவமைப்புதான்.

பலவீனம் ஒரே இடத்தில் இருந்தது. சிலிண்டர் விட்டம் என் ஃப்ரேமில் 1.71 அங்குலம், கே ஃப்ரேமில் 1.45தான். அதனால சிலிண்டரைத் தாங்கும் கிரேனுக்கு இடம்விட, தோட்டா நுழையும் பேரல் முனையின் அடிப்பக்கத்தைத் தட்டையா சீவினாங்க. அங்கே உலோகம் மெலிசு. 125 கிரெய்ன் எடையுள்ள வேகமான மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டப்போ, விரிசல் விழுந்தது அந்த இடத்தில்தான்.

ஏன் தொடர்ந்து சுட்டாங்க? 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹாலில் நெடுஞ்சாலை ரோந்துப் போலீசார் நாலு பேர் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. பயிற்சியில் சுட்டது .38, அன்னிக்குச் சிலர் கையில் இருந்தது.357. நம்ம தொழில் பாஷையில் சொன்னா, டெஸ்ட் சூழல் ஒண்ணு, புரொடக்‌ஷன் வேற. அதுக்கப்புறம், பணியில் வைத்திருக்கும் தோட்டாவிலேயே பயிற்சி செய்யணும் என்ற எண்ணம் வலுப்பட்டது. அது சரியான முடிவு. ஆனா 1955-ன் கணக்கு அதோட உடைஞ்சுபோச்சு.

1980-களின் தொடக்கத்தில் எல் ஃப்ரேம் வந்தது. சிலிண்டர் 1.56 அங்குலம், கைப்பிடி கே அளவேதான். விரிசல் பிரச்சினை தீர்ந்தது. ஆனா பேரலுக்கு அடியில் முழு நீளக் கனத்தோட வந்த 4 அங்குல மாடல் 686-ன் எடை சுமார் 1.2 கிலோ! என் ஃப்ரேம் எடைக்கே திரும்பியாச்சு. மிஞ்சின லாபம் கைப்பிடி மட்டும்தான். இதை 'நடு அளவு'னு சொல்றவங்க எடையைப் பார்த்தாங்களான்னு தெரியலை.

2014-ல் திரும்பி வந்த கே ஃப்ரேம் மாடல் 66-ல் கிரேன் பகுதியையும் பேரலையும் மாற்றி, அந்தத் தட்டைச் சீவலையே எடுத்துட்டாங்க. ஃப்ரேம் அளவு அதேதான், பழைய பலவீனம் இல்லை. அதாவது 'கே' என்ற ஒரே எழுத்தை வச்சு 1955 துப்பாக்கிக்கும் 2014 துப்பாக்கிக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது.

இனி ஒப்பீடு எழுதறவங்க கை அளவோட இன்னும் ரெண்டு விவரம் சேர்க்கட்டும்: எத்தனை கிரெய்ன் தோட்டா, வருஷத்துக்கு எத்தனை தடவை. முக்கியமா, பழைய மாடல் 19 வாங்க நினைக்கறவருக்கு அதுதான் தெரியணும்.