பாளையங்கோட்டைத் தாவீதும் யாழ்ப்பாணத்துத் தாவீதும்

சாமுவேலின் முதலாம் புத்தகம் 16ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்காத தமிழ்ச் சபை இருக்க முடியாது. சவுலைத் தள்ளிவிட்ட கடவுள், அடுத்த அரசனை அபிஷேகம் பண்ணத் தைலக்கொம்போடு சாமுவேலைப் பெத்லகேமுக்கு அனுப்புகிறார். ஈசாய் தன் மக்களை ஒவ்வொருவராக முன்னே விடுகிறான். மூத்தவன் எலியாபின் உயரத்தைக் கண்டதும் தீர்க்கதரிசிக்கே மனம் தடுமாறிவிடுகிறது. மனிதர் முகம் பார்ப்பார்கள், நான் உள்ளம் பார்ப்பவன் என்று கடவுள் அவரைத் தடுக்கிறார். ஏழு பேர் வந்து போன பிறகும் அபிஷேகம் நடக்கவில்லை. கடைசிப் பொடியன் ஆடுகளோடு நிற்கிறான். அவனையும் கூப்பிட வேண்டும் என்று பெற்ற தகப்பனுக்கே தோன்றவில்லை.

இந்தக் கதையை யாழ்ப்பாணத்தில் நாங்கள் உயிரில்லாமல் சொல்கிறோமாம். சொன்னவர் என் தம்பியின் மனைவி. பாளையங்கோட்டைக்காரர், அங்கே ஒரு சபையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுகிறவர். பலாலிக்குச் சென்னையிலிருந்து விமானம் வரத் தொடங்கிய பிறகு ஒருமுறை எங்களைப் பார்க்க வந்தார். ஞாயிறு வகுப்பில் பின்வாங்கில் இருந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் ஆறுமுன்னே சொன்னார்: "என்ன மதினி, பிள்ளைங்க கை தட்டக்கூட மாட்டேங்குதுங்க. ஒரு படம் இல்ல, ஒரு ஆக்‌ஷன் சாங் இல்ல. துட்டி வீடு மாதிரில்லா இருக்கு!"

துட்டி வீடென்றால் எங்கள் பேச்சில் செத்தவீடு. அவர் பொல்லாத மனதோடு சொல்லவில்லை. ஆனாலும் முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வகுப்பில் நிற்கிறவளுக்கு அது நெஞ்சில் தைத்தது. "மச்சாள், நீங்கள் பார்த்தது ஒரு ஞாயிறு" என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு பக்கமும் ஒரே திருச்சபைதான் என்பது பலருக்குத் தெரியாது. 1947 செப்டெம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதில் சேர்ந்தது. இந்தியாவுக்கு வெளியே அந்தத் திருச்சபைக்கு இருக்கும் ஒரே பேராயம் எங்களுடையது. நாங்கள் ஆதீனம் என்போம், திருநெல்வேலியார் திருமண்டலம் என்பார்கள். எங்கள் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன்தான் தமிழ் வேதாகமத்தின் வரலாற்றைத் தமிழில் நூலாக எழுதியவர். அங்கே ஐயர், இங்கே போதகர். அங்கே சண்டே ஸ்கூல், டீச்சர். இங்கே ஓய்வுநாட் பாடசாலை, ரீச்சர். அங்கே விடுமுறை வகுப்பில் கதை சொல்கிறவரைப் பிள்ளைகள் அக்கா, அண்ணன் என்று கூப்பிடுவதைக் கேட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் பிள்ளைகள் எனக்கு மூன்றாம் தலைமுறையாக ரீச்சர் என்றே சொல்கிறார்கள்.

தம்பி வீட்டுக்குப் போயிருந்த ஒரு மே மாதத்தில் அவர்களுடைய விடுமுறை வேதாகமப் பள்ளியை, அவர்கள் சொல்லும் வி.பி.எஸ்ஸை, இருந்து பார்த்தேன். பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். ஒலிபெருக்கி, பொம்மை, பாட்டு, நடுவில் சுண்டலும் ஜூஸும். எலியாபாக ஓர் உயரமான கல்லூரிப் பையன் அட்டை வாளோடு வந்தான். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அந்த உற்சாகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எங்களிடம் அத்தனை பிள்ளைகளும் இல்லை, அத்தனை கைகளும் இல்லை. ஆனால் கதை போன வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏழு அண்ணன்மாரும் இரண்டு நிமிடத்தில் முடிந்தார்கள். தைலம் ஊற்றியாயிற்று, உடனே கோலியாத் வந்துவிட்டான். கவண், கல், விழுந்தான், கைதட்டல். உள்ளத்தைப் பார்க்கிற கடவுளைப் பற்றித் தொடங்கிய பாடம் வெற்றிபெற்ற வீரனில் போய் முடிந்தது. வீடு போன பிள்ளையிடம் என்ன கதை என்று கேட்டால் கல் எறிந்த கதை என்றுதான் சொல்லும்.

பிறகு அந்தப் படம். பெரிய அட்டையில் தாவீது நின்றான்: பொன்னிற மயிர், நீலக்கண், ரோஜா நிறக் கன்னம். மேலைநாட்டில் வரைந்த படம் பல கை மாறி வந்திருக்கும். அதன் கீழே, தோற்றத்தைப் பார்க்காதே என்ற வசனம். முன்வரிசையில் இருந்தவை பாளையங்கோட்டை வெயிலில் விளையாடி வந்த கறுத்த முகங்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு சின்னப் பெண் அந்த அட்டையைத் தொட்டு, "தாவீது எவ்வளவு செவப்பு!" என்றாள். இது என் மச்சாள் காதிலும் விழுந்தது. அவர் சிரித்துவிட்டு நகர்ந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே அதிகாரத்தின் 12ஆம் வசனம் தாவீதின் சிவந்த நிறத்தையும் அழகிய கண்களையும் நல்ல தோற்றத்தையும் சொல்லத்தான் செய்கிறது. ஐந்து வசனத்துக்கு முன்னால் தோற்றத்தைப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு இதைச் சொல்வானேன் என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். அங்கே இதை விட்டுவிட்டுப் போகிறார்கள், அல்லது படத்தைக் காட்டி முடித்துவிடுகிறார்கள். நான் கண்ட மட்டில் அப்படித்தான். எங்கள் பெரிய வகுப்பில் இதற்கென்று ஒரு ஞாயிறு உண்டு. அன்றைக்கு மூன்று பேரைச் சேர்த்துப் படிப்பிப்போம். எல்லாரையும்விடத் தோளுக்கு மேலே உயர்ந்து நின்ற சவுல். அழகிருந்தும் அதற்காகத் தெரிவுசெய்யப்படாத தாவீது. பிறகு தாவீதின் மகன் அப்சலோம்: உள்ளங்கால் முதல் உச்சி வரை பழுதில்லாதவன், வெட்டிய மயிரே 200 சேக்கல் நிறை என்று வேதாகமம் அளந்து சொல்லும் ஒரே மனிதன், தகப்பனுக்கு எதிராகப் படை திரட்டியவன். வடிவு குற்றமுமில்லை, சான்றிதழுமில்லை என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த மூவரை வைத்து விளங்கப்படுத்தலாம். எலியாபையும் நாங்கள் அப்படியே விட்டுவிடுவதில்லை. அடுத்த அதிகாரத்தில் போர்க்களத்துக்கு அப்பம் கொண்டுவந்த தம்பியைப் பார்த்து அவன் எரிந்து விழுகிறானே, உயரமான அந்த உடம்புக்குள் இருந்தது அங்கேதான் வெளியே வருகிறது. நேரே கோலியாத்திடம் ஓடுகிறவர்களுக்கு அந்த இடம் தப்பிப்போகிறது.

எங்களிடம் படம் இல்லாததற்குக் காரணம் கொள்கை என்று பெருமை பேச மாட்டேன். போர்க் காலத்தில், 1990இலிருந்து பல ஆண்டுகள் குடாநாட்டுக்கு மின்சாரம் இருக்கவில்லை. பற்றறிக்குத் தடை, கடதாசிக்குத் தட்டுப்பாடு. மிஷன் காலத்துப் படச்சுருள்கள் சில இருந்தன. 1995 ஒக்டோபர் 30 இரவில் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அவற்றை ஆர் தூக்குவது? கொடிகாமத்தில் ஒரு மாமரத்துக்குக் கீழே வகுப்பு வைத்தோம். வேதாகமம் ஒன்று, குரல் ஒன்று. அங்கே கேட்ட பிள்ளைகளின் தாவீதுக்கு நாங்கள் நிறம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்த ஒரு பொடியனை அந்த இடத்தில் வைத்துக்கொண்டது. பக்கத்து ஒழுங்கைப் பெடியனாய் இருக்கலாம், தானாயும் இருக்கலாம். பிறகு படங்கள் கிடைக்கத் தொடங்கின காலத்திலும் இந்த அதிகாரத்துக்கு நான் படம் எடுப்பதில்லை.

அந்த மாமரத்தடியில் தொடங்கிய வழக்கம் ஒன்று இன்றும் இருக்கிறது. என் மச்சாள் வந்த ஞாயிறு வேறு பாடம் என்றபடியால் அவர் அதைக் காணவில்லை. கதை தொடங்கமுன் வகுப்பில் மிகச் சின்னப் பிள்ளையை ஏதாவது சாட்டுச் சொல்லி வெளியே அனுப்பிவிடுவேன். அவன் வருமட்டும் பந்தியில் இருக்கமாட்டோம் என்று சாமுவேல் சொல்லும் இடத்தில் எல்லாரையும் எழும்பச் சொல்லுவேன். நான் வாயைத் திறக்காமல் நிற்பேன். அவர்களும் நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் தொடங்குவார், "ரீச்சர், கால் நோகுது. இருக்கட்டே?"

"ஆர் இல்லை எண்டு பாருங்கோ."

எண்ணுவார்கள். சில வகுப்பு உடனே கண்டுபிடிக்கும். சில வகுப்பு இரண்டு தரம் எண்ணியும் சரி என்று சொல்லும். வந்து சில நாளேயான பிள்ளை என்றால் அந்தப் பெயர் வாயில் வராது. கொடிகாமத்தில் ஒருமுறை அப்படி நடந்தது. சேர்ட்டில் இரண்டு பொத்தான் மட்டும் இருந்த ஒரு பொடியன், ஆரோடும் சேராதவன். அவனைக் காணவில்லை என்று கடைசியில் சொன்னவள் அவனோடு அதுவரை கதைக்காத ஒரு பெண்பிள்ளை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பிறகுதான் எல்லாரும் இருந்தோம். மனன வசனத்தை அன்றைக்கு நான் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. மச்சாள் சொன்ன துட்டி வீட்டு அமைதிக்குள் இப்படியும் ஒன்று நடக்கிறது.

அவர்களிடம் இருந்தும் அவர்கள் எடுத்துப் பயன்படுத்தாத ஒன்றைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆடு என்றால் வீட்டுக்கு ஒன்று, இரண்டு. பூவரசங் குழையும் கிளுவங் குழையும் ஒடித்துப் போட்டால் முடிந்தது. மந்தையோடு வெளியே கிடக்கும் பொடியனை எங்கள் பிள்ளைக்குக் காட்டவே முடியாது. திருநெல்வேலிச் சீமையில் அறுவடை முடிந்த வயலில் எருவுக்காகக் கிடை போடுகிறார்கள். நூற்றுக்கணக்கான செம்மறிகள், இரவு முழுக்கக் காவல் கிடக்கும் ஆட்கள், அவர்களோடு பையன்களும். கி. ராஜநாராயணனின் 'கிடை' படித்த நாளிலிருந்து எனக்கு அதைப் பார்க்க ஆசை. பேருந்து யன்னல் வழியாகப் பார்த்தேன். விருந்தாளி வரும் நாளில் ஏன் ஒருவன் வீட்டில் இல்லை என்பதை அந்த வயல்வரப்பில் பிள்ளைகளை நிறுத்தியே சொல்லிவிடலாம். அதை விட்டுவிட்டு நீலக்கண் அட்டையைத் தூக்குகிறார்களே!

உடுப்பு விஷயத்தில் மட்டும் நான் அவர்கள் பக்கம் நிற்பேன். கோயிலுக்குப் பிள்ளைகளைப் பட்டுப்பாவாடையும் சரிகையுமாகக் கூட்டிவருவதைக் கண்டு, இதே பாடத்தை வைத்துக்கொண்டு இத்தனை அலங்காரமா என்று எங்கள் ஆட்கள் சொல்வதுண்டு. மச்சாளின் தாய் நாகர்கோவில் பக்கம். அந்தப் பகுதி திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தபோது நாடார் முதலான சாதிப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தவே விடவில்லை. தோள்சீலைப் போராட்டம் பல ஆண்டு நடந்து, அடிபட்டு, 1859இல்தான் அரசு இறங்கிவந்தது. அந்தப் பாட்டிமாரின் வழியில் வந்த பெண் ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை உடுத்துக் கோயிலுக்கு வருவதை வெளித்தோற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. எங்களுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. 1929–30இல், எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சமமாக வாங்கில் இருத்தவேண்டும் என்று வந்தபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். சம ஆசனத்துக்காக நின்ற வாலிப காங்கிரஸும் இதே மண்ணில்தான், ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்களால் வளர்ந்தது. யாரை இருத்துவது, யாரை நிறுத்திவைப்பது என்பது எங்கள் ஊரில் வெறும் விளையாட்டல்ல.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வார்த்தையில்லாப் புத்தகம் என்று நிறத்தாள்களால் ஆன ஒரு சிறு புத்தகம் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் புழங்குகிறது. 1866இல் லண்டனில் போதகர் ஸ்பர்ஜன் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று தொடங்கிவைத்தது. பிறகு பொன்னிறமும் பச்சையும் சேர்ந்தன. கறுப்புத் தாள் பாவ உள்ளம், வெள்ளைத் தாள் கழுவப்பட்ட உள்ளம். நானும் சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் படித்தேன். உள்ளத்தைப் பார்க்கும் கடவுள் என்று ஒரு ஞாயிறு சொல்லி, அந்த உள்ளம் கெட்டால் உன் தோலின் நிறமாகும் என்று அடுத்த ஞாயிறு காட்டினால் கறுத்த பிள்ளை எதை நம்பும்? அந்தக் கறுப்புத் தாளை நான் கையில் எடுப்பதை நிறுத்திக் கனகாலம். மச்சாளோடு இதைப் பேசினேன். அவர் அது உள்ளத்தைப் பற்றியது, தோலைப் பற்றியதல்ல என்கிறார். நான் ஒப்பவில்லை. இன்னும் தொலைபேசியில் அதைக் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வரும் ஓகஸ்ட் விடுமுறையில் தம்பியின் மகளை எங்கள் வகுப்புக்கு அனுப்புவதாக மச்சாள் சொல்லியிருக்கிறார். கிடையைப் பற்றி அவள் நேரில் கண்டதைச் சொல்லட்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அவளுடைய கைதட்டுப் பாட்டும் இருக்கட்டும். அந்த வயதுக்கு நாங்கள் பாட்டுக் குறைவாகத்தான் வைத்திருக்கிறோம். அட்டைப் பெட்டி ஒன்றும் கொடுத்துவிடப் போகிறாராம். அதில் ஆடுகளும் தைலக்கொம்பும் இருந்தால் எடுத்துக்கொள்வேன். தாவீதை அவள் திரும்பக் கொண்டுபோகலாம்.