ருவாண்டாவின் பட்டா யாரிடமிருந்து காக்கிறது?

ஆப்பிரிக்கக் கிராமங்களில் பெரும்பகுதி நிலத்துக்கு இன்றும் முறையான ஆவணம் கிடையாது. ருவாண்டா இதற்கு விதிவிலக்கு. 2009-இல் நாடு முழுவதும் தொடங்கிய நிலப்பதிவுத் திட்டம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் 1 கோடிக்கும் அதிகமான நிலத்துண்டுகளைப் பதிவேட்டில் ஏற்றியது. ஒரு துண்டுக்கு ஆன செலவு சுமார் 7 அமெரிக்க டாலர். பல நாடுகள் தலைமுறைக் கணக்கில் இழுத்தடிக்கும் வேலை இது. ஆகவே பாராட்டு நியாயமானதே. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: இந்தப் பதிவு தந்த பட்டா உழவரை யாரிடமிருந்து காக்கிறது? பக்கத்து நிலக்காரரிடமிருந்தும் பங்காளியிடமிருந்தும் காக்கிறது. அரசு கை வைக்கும்போது அதன் பலம் குறைந்துவிடுகிறது.

சுமார் 26,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய மலைநாடு ருவாண்டா. ஆப்பிரிக்கப் பெருநிலப்பரப்பில் மக்கள் மிக நெருக்கமாக வாழும் நாடும் அதுதான். பெரும்பாலான உழவுக் குடும்பங்களிடம் ஒரு ஹெக்டேர்கூட இல்லை. 1959 முதல் நாட்டைவிட்டு ஓடிய டுட்சி இன மக்கள் 1994 இனப்படுகொலைக்குப் பின் திரும்பி வந்தார்கள். 1994-இல் எல்லை தாண்டி ஓடிய ஹுட்டு இன மக்களில் பெரும்பாலோர் 1996-இல் திரும்பினார்கள். இதனால் ஒரே தோட்டத்தை இரண்டு குடும்பங்கள் தங்களுடையது என்றன. இரண்டுமே பொய் சொல்லவில்லை. கிழக்குப் பகுதியில் நிலத்தை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுக்கும் ஏற்பாட்டை அதிகாரிகள் செய்தார்கள். 2005-ஆம் ஆண்டு நிலச் சட்டம் அந்தப் பகிர்வை அங்கீகரித்தது. இத்தனை காயங்களுக்கு நடுவில்தான் நில அளவை தொடங்கியது.

திட்டத்தின் மிகப் பெரிய பலம் அதன் செயல்முறை. வானிலிருந்து எடுத்த படங்களைப் பெரிய தாளில் அச்சிட்டுக் கிராமத்துக்குக் கொண்டுவந்தார்கள். குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களே அளவையாளர்கள். நில உரிமையாளரும் நான்கு பக்கத்து நிலக்காரர்களும் வரப்போரமாகச் சேர்ந்து நடப்பார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட இடத்தில் படத்தின்மேல் கோடு விழும், துண்டுக்கு எண் கிடைக்கும், உரிமை கோரியவர் கையில் அங்கேயே ஒரு ரசீது வந்துவிடும். பிறகு பட்டியலை ஊர்ப் பொதுவில் வைத்து ஆட்சேபணைக்கும் திருத்தத்துக்கும் அவகாசம் கொடுத்தார்கள். தீராத வழக்குகள் ‘அபுன்ஸி’ எனப்படும் உள்ளூர் நடுவர் குழுக்களுக்குப் போயின. கல் நட்டுக் கருவி வைத்து அங்குலம் அங்குலமாக அளந்திருந்தால் செலவு பல மடங்காகியிருக்கும். ஊரார் முன்னிலையில், பகல் வெளிச்சத்தில் எல்லை தீர்மானமானதால் கோட்டின் துல்லியம் சற்றுக் குறைந்தாலும் நம்பகம் குறையவில்லை.

பலன் மண்ணிலேயே தெரிந்தது. முன்னோட்டமாகப் பதிவு நடந்த பகுதிகளை உலக வங்கிப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, அங்குள்ள குடும்பங்கள் மண்ணரிப்பைத் தடுக்கும் பணிகளில் கூடுதலாக உழைப்பைப் போட்டிருந்ததைக் கண்டார்கள். பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களில் இந்த மாற்றம் இன்னும் அதிகம். மலைச்சரிவில் வரப்பு கட்டுவது பல ஆண்டுகள் கழித்தே பலன் தரும் வேலை. நாளைக்கும் நிலம் தன்னிடம் இருக்கும் என்று நம்புகிறவர்தான் அதில் இறங்குவார்.

பெண்ணுரிமையிலும் பாய்ச்சல் உண்டு, பள்ளமும் உண்டு. 1999-ஆம் ஆண்டு வாரிசுச் சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு தந்தது. பட்டாவில் கணவன் பெயரோடு மனைவி பெயரும் ஏறியது. ஆனால் இந்தப் பாதுகாப்பு அரசு அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்தவர்களுக்குத்தான். ஊர் வழக்கப்படி சேர்ந்து வாழ்ந்து அதே நிலத்தில் இருபது வருஷம் களை எடுத்த பெண், இரண்டாம் மனைவியாக வந்தவள் ஆகியோருக்கு அந்தச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. முன்னோட்டப் பகுதிகளில் நடந்த அந்த ஆய்வே இந்த ஆபத்தைச் சுட்டியது. வாய்வழக்கில் அவர்களுக்கு இருந்த சிறு பிடிமானமும் எழுத்தில் வராதபோது நழுவிப்போகிறது.

அடுத்த குறை பதிவேட்டைப் பராமரிப்பதில் இருக்கிறது. முதல் பதிவுக்கு உழவர் கட்டியது சிறு தொகை. விற்றாலோ வாரிசுக்குப் போனாலோ பெயர் மாற்ற, நிலம் எவ்வளவு சிறியதானாலும், பல ஆண்டுகள் சுமார் 30,000 ருவாண்டா பிராங்க் கேட்டார்கள். கால் ஏக்கர்கூட இல்லாதவருக்கு அது தாங்க முடியாத பணம். இதோடு, விவசாய நிலத்தை ஒரு ஹெக்டேருக்குக் கீழே பிரிக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. பெரும்பாலோரிடம் அந்த அளவு நிலமே இல்லாத நாட்டில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொண்டு வெள்ளைத்தாளில் எழுதி வைத்தார்கள். பதிவேட்டில் அப்பா பெயர். வயலில் மூன்று மகன்கள். இப்படி ஆண்டுக்கு ஆண்டு விலகும் பதிவேடு, கடைசியில் பழைய தகராறுகளையே புதுப்பிக்கும்.

இவற்றையெல்லாம்விட ஆழமான குறை அரசின் அதிகாரம். பெரும்பாலான உழவர் பெற்றது அரசு தந்த நீண்டகாலக் குத்தகைதான். மூன்று ஆண்டு தொடர்ந்து தரிசாகப் போட்டால் நிலத்தைப் பறிக்கச் சட்டம் இடம் தந்தது. 2007-இல் தொடங்கிய, பயிர்ச் சாகுபடியைத் தீவிரமாக்கும் அரசுத் திட்டம் எந்த வட்டாரத்தில் மக்காச்சோளம், எங்கே உருளைக்கிழங்கு என்று மேலிருந்து தீர்மானித்தது. மழை பொய்த்தாலும் ஏதாவது ஒன்று கைகொடுக்கட்டும் என்று பீன்ஸும் வாழையும் சர்க்கரைவள்ளியும் கலந்து விதைத்தவர்களின் அனுபவத்துக்கு அங்கே மதிப்பில்லை. நகரத்திலும் இதே நிலைதான்: தலைநகர் கிகாலியில் ‘பன்யாஹே’ குடியிருப்பு மக்கள் பட்டா வைத்திருந்தும், இழப்பீட்டைப் பணமாகக் கேட்டும், வேறிடத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போக நிர்பந்திக்கப்பட்டார்கள். 2022-இல் அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது.

வலுவான அரசு இருந்ததால்தான் இவ்வளவு வேகமாகப் பதிவு முடிந்தது என்பார்கள். உண்மைதான். அந்த வலுவுக்குக் கடிவாளம் இல்லாததே பட்டாவைப் பலவீனமாக்குகிறது என்பதும் அதே அளவு உண்மை. ருவாண்டாவின் அளவை முறையை மற்ற நாடுகள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அதன் நில ஆட்சியை அப்படியே எடுக்கக் கூடாது. பெயர் மாற்றக் கட்டணம் ஏழை உழவரால் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பதியாத மணத்தில் வாழும் பெண்ணின் உழைப்புக்கும் பதிவேட்டில் இடம் வேண்டும். நிலம் எடுக்கும்போது விலையை எடுப்பவரே முடிவு செய்யாமல், அரசுக்கு எதிராகவும் தீர்ப்புச் சொல்லத் துணியும் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டும். இம்மூன்றையும் சட்டமாக்கிவிட்டு அளவைக்குப் போகும் நாடு, தன் உழவருக்கு ருவாண்டா தந்ததைவிட உறுதியான உரிமையைத் தரும்.