நெக்கைக் கழற்றுங்கள், பேசுவோம்

நெக் பிளேட்டில் உள்ள எண்ணை மட்டும் பெரிதாகப் படம் எடுத்துப் போட்டிருக்கும் விற்பனை விளம்பரத்தை நான் நம்புவதில்லை. ஒரு ஸ்ட்ராட் கிட்டாரில் மிகச் சுலபமாக இடம் மாறக்கூடிய உறுப்பு அந்தத் தகடுதான். நான்கு ஸ்க்ரூ, ஐந்து நிமிடம், வேலை முடிந்தது. ஜேவி எண் பொறித்த தகடுகள் கிட்டார் இல்லாமல் தனியாகவே விலைக்கு வருகின்றன. தகட்டை மட்டும் வாங்குகிறவர் அதை எதில் மாட்டப் போகிறார் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். ஆனாலும் 'ஜேவி' என்ற இரண்டு எழுத்தைத் தாண்டிப் பார்க்காமல் பணத்தை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள்.

ஜேவியைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. 1982 மார்ச்சில் ஃபெண்டரும் ஜப்பானின் கண்டா ஷோகாயும் யமானோ காக்கியும் கைகோத்து, மட்சுமோட்டோவின் ஃபுஜிகென் ஆலையில் செய்யவைத்த அந்த முதல் வரிசை நல்ல கிட்டார்தான். அந்த வரிசையின் எஸ்டி62-115 கையில் கிடைத்தால் நானும் கீழே வைக்கத் தயங்குவேன். ஆனால் ஃபெண்டர் அங்கே போய்க் கடை விரிக்க வேண்டிய நெருக்கடியைக் கொடுத்தவர்கள் யார்? ஹமமட்சுவில், ஹார்மோனிக்கா செய்து வயிறு வளர்த்த டோக்காய்க்காரர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஜேவி ரசிகர்கள் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

டோக்காய் ஸ்ப்ரிங்கி சவுண்டின் ஹெட்ஸ்டாக்கைப் பற்றி மட்டும் ஒரு முழு இதழ் எழுதச் சொன்னாலும் எழுதுவேன். பத்தடி தள்ளி நின்றால் அது ஃபெண்டர். மூன்றடிக்கு வந்தால் டோக்காய். முதல் எழுத்தின் வளைவும் வாலும் ஃபெண்டரின் தோரணையை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கும், ஆனால் எழுத்துக்கூட்டு தன்னுடையது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஸ்ப்ரிங்கி சவுண்ட். கூடவே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: அந்த நல்ல பழைய ஸ்ட்ராட்டின் அச்சு அசல் நகல் இது, என்று. நகல் செய்தவனே நகலின் நெற்றியில் வாக்குமூலம் எழுதி ஒட்டிக் கடையில் தொங்கவிட்ட துணிச்சலை நான் வேறு எந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை. அமெரிக்கர்கள் தங்கள் பழைய கிட்டாரை எப்படிச் செய்தோம் என்பதையே மறந்திருந்த காலம் அது. சிபிஎஸ் நிறுவனத்தின் கையில் ஃபெண்டர் தடித்த பாலியெஸ்டரும் மூன்று ஸ்க்ரூ நெக்குமாக இருந்தபோது, இவர்கள் 50-களின் ஸ்ட்ராட்டைப் பிரித்துப் போட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பொடி வரியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். போலி டீக்கலில், அதாவது ஹெட்ஸ்டாக்கில் ஒட்டும் பெயர்ப் படலத்தில், முதலில் கெடுவது பொடி எழுத்து. பெரிய எழுத்தை யாரும் அழகாகச் செய்துவிடுவார்கள். சின்ன எழுத்தில் மை பரவியிருக்கும், எழுத்தின் வயிறு அடைத்திருக்கும், தங்க நிறத்தைச் சுற்றிய கறுப்புக் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் காணாமல் போயிருக்கும். பூதக்கண்ணாடி இல்லாவிட்டால் கைபேசியில் நெருக்கிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு ஒரு டார்ச்சை ஹெட்ஸ்டாக்குக்குப் பக்கவாட்டில், மரத்தைத் தொடுகிற மாதிரி சாய்த்துப் பிடியுங்கள். முன்பு ஒரு டீக்கல் இருந்து எடுக்கப்பட்டிருந்தால் அதன் விளிம்பு மேடாகவோ பள்ளமாகவோ தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் மரம் வெளுத்திருக்கும்.

இதில் ஒரு காலக்கூத்து உண்டு. முதலில் டோக்காய் டீக்கலைச் சுரண்டிவிட்டு ஃபெண்டர் டீக்கல் ஒட்டினார்கள், ஃபெண்டர் என்றால் விலை என்பதால். பின்னால் டோக்காய்க்கே விலை ஏறியது. அதே நெக்கில் ஃபெண்டரைச் சுரண்டிவிட்டு மறுபடி டோக்காய் ஒட்டினார்கள், இம்முறை போலி டோக்காய். மரம் அசல், பாடி அசல், ஒட்டியிருக்கும் பெயரும் உண்மைதான். ஒட்டியவன் மட்டும் வேறு. சேகரிப்பாளர்கள் சிலர் இதை மன்னித்துவிடுகிறார்கள். எனக்கு அது வேண்டாம். இந்தக் கிட்டாரின் அழகே அந்த நெற்றி வரியில் இருக்கும்போது, அதை வேறொருவன் எழுதியிருந்தால் நான் எதற்குக் காசு கொடுக்கிறேன்?

டீக்கல் வாசகத்தை வைத்தே காலத்தையும் ஓரளவு சொல்லிவிடலாம். 1984 வாக்கில் ஸ்ப்ரிங்கி போய் கோல்ட்ஸ்டார் சவுண்ட் வந்தது. டோக்காயின் லெஸ் பால் நகல்கள் பக்கம் முதலில் ரீபார்ன், பிறகு ரீபார்ன் ஓல்டு, அதன் பிறகு லவ் ராக். எண்ணும் வாசகமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். 8-இல் தொடங்கும் ஏழிலக்க எண் 1978 என்று சொல்ல, தலையில் கோல்ட்ஸ்டார் என்று இருந்தால் யாரோ இரண்டு கிட்டாரை ஒன்றாக்கியிருக்கிறார்கள். சில ஸ்ப்ரிங்கிகளின் தகட்டில் 'எல்' எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும். 60-களின் ஃபெண்டர் எல் வரிசைக்கு அடித்த சலாம் அது. அந்த எண்ணிலிருந்து வருடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிற விற்பனையாளரிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

'லாசூட்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று ஜப்பானில் செய்த எந்த நகலையும் வழக்குக்கு உள்ளான கிட்டார் என்று விற்கிறார்கள். நடந்த வழக்கு ஒன்றே ஒன்று. கிப்சனின் அன்றைய தாய் நிறுவனமான நார்லின், 1977 ஜூனில் பிலடெல்ஃபியா நீதிமன்றத்தில் எல்கர் மீது, அதாவது ஐபனெஸை அமெரிக்காவில் விற்றுவந்தவர்கள் மீது போட்டது. சண்டை ஹெட்ஸ்டாக்கின் வடிவத்தைப் பற்றி. அதற்கு முன்பே ஐபனெஸ் வடிவத்தை மாற்றிவிட்டிருந்தது. 1978-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. டோக்காய், கிரெக்கோ, பர்னி என்ற மற்ற ஜப்பானிய நகல்காரர்கள் யாருக்கும் அதில் சம்மன் போகவில்லை. இவை எல்லாவற்றையும் 'லாசூட் எரா' என்று எழுதுகிற விளம்பரம் பொய் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் எழுதியவருக்குத் தான் விற்கும் பொருள் என்னவென்று தெரியாது என்பதைச் சொல்லிவிடுகிறது. தெரியாதவரிடம் வாங்குவது சில சமயம் லாபம், பல சமயம் தலைவலி.

சரி, நெக்கைக் கழற்றுவோம். அதற்கு முன் ஸ்க்ரூவின் தலையைப் பாருங்கள். ஜப்பானிய ஸ்க்ரூக்களின் குறுக்கு வெட்டு ஜேஐஎஸ் அளவு. சாதாரண ஃபிலிப்ஸ் முனை அதில் சரியாக உட்காராமல் வழுக்கி விளிம்பைத் தின்றுவிடும். நான்கு தலையும் கடித்துக் குதறியிருந்தால், ஜப்பானுக்கு வெளியே பழக்கமில்லாத கை ஒன்று பலமுறை திறந்து மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஏன் திறந்தது என்பதே அடுத்த கேள்வி.

நெக்கின் அடிப்பகுதியில் துளைகளை எண்ணுங்கள். நான்கு இருக்க வேண்டும், நான்கு மட்டும். பக்கத்தில் குச்சி வைத்து அடைத்த இன்னொரு நான்கு தெரிந்தால் அந்த நெக் வேறொரு பாடியில் பிறந்தது. ஃபெண்டர் ஜப்பான் கிட்டார்களில் இங்கே மாடல் முத்திரை மையில் குத்தியிருப்பது உண்டு, பாடியின் பாக்கெட்டிலும் உண்டு. இரண்டும் ஒத்துப்போனால் மனபாரம் கொஞ்சம் இறங்கும். முத்திரையையும் குத்திவிடலாமே என்பீர்கள். குத்தலாம்தான். ஆனால் மை 40 வருடம் மரத்தில் ஊறிப் போயிருப்பதும் போன மாதம் குத்தியதும் ஒரே மாதிரி இருக்காது. பாக்கெட்டின் பெயின்ட் விளிம்பு கூர்மையாக, அழுக்கு தட்டாமல் பளிச்சென்று இருந்தால் அந்தப் பாடிக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பழுப்பேறிய அட்டைத் துண்டு கிடந்தால் பயப்படாதீர்கள். கோணம் சரிசெய்ய யாரோ வைத்தது, பெரும்பாலும் நல்ல கை.

அடுத்து பிக்கார்டு. அதைத் தூக்கியதும் தெரியும் நிறம்தான் அந்தக் கிட்டாரின் பிறந்த நிறம். மேலே வெள்ளை கிரீமாகி மஞ்சளடித்திருக்கும், அடியில் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். இரண்டும் ஒரே மஞ்சள் என்றால் அந்த மஞ்சள் டப்பாவிலிருந்து வந்தது. விரிசலும் இப்படித்தான். உயர்ந்த விலை மாடல்களில் மட்டுமே நைட்ரோ லாக்கர். மற்றவை பாலியெஸ்டர். நைட்ரோ நரம்பு நரம்பாக வெடிக்கும், தேயும். பாலியெஸ்டர் பெரும்பாலும் அடிபட்டால் சில்லு பெயரும், அவ்வளவுதான். டோக்காய் எஸ்டி-50-இன் முதுகு முழுக்க வலைப்பின்னலாக விரிசல் விட்டிருந்தால், அதை யாரோ ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்திருக்கிறார்கள். பெயின்ட் எது என்று பார்க்க அசிட்டோன் தொட்டுப் பார்க்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களை என் கிட்டார் இருக்கும் அறைக்குள் விடமாட்டேன்.

குமிழை இழுத்துப் பார்க்கும் சோதனையை யாரும் செய்வதில்லை, எனக்கோ அது மிகப் பிடிக்கும். ஜப்பானிய பாட்டின், அதாவது வால்யூம், டோன் குமிழ் உட்காரும் பாகத்தின், தண்டில் 18 பல், அமெரிக்க சிடிஎஸ்-இல் 24. ஒன்றின் குமிழ் மற்றதில் ஒழுங்காக உட்காராது. எல்லாமே அசல் என்று சத்தியம் செய்யப்பட்ட கிட்டாரில் குமிழுக்கு அடியில் டேப் சுற்றியிருந்தால் பாட் மாறியிருக்கிறது, அல்லது குமிழ் மாறியிருக்கிறது. இரண்டும் குற்றமில்லை. சொல்லாமல் விட்டதுதான் குற்றம். பழைய ஈயப்பற்று மங்கி, ஓரத்தில் தேன் நிறத்தில் ஃப்ளக்ஸ் படிந்திருக்கும். மினுக்கும் பற்று புதிது.

கிரெக்கோ ஆட்கள் இதுவரை பொறுமையாக இருந்திருப்பார்கள். லெஸ் பால் நகல்களின் ஒட்டிய நெக்கை எப்படிக் கழற்றுவது என்று கேட்பார்கள். நியாயம். சூப்பர் ரியல் வரிசைக் கிரெக்கோவைக் கையில் வாங்கினால் நெக் பிக்அப்பை எடுத்துக் குழிக்குள் பாருங்கள், டெனான், அதாவது நெக்கின் நாக்கு, எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று தெரியும். எண்ணின் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். 'எல்79' என்றால் 1979 டிசம்பர். ஃபுஜிகென்னில் செய்த ஐபனெஸ்களும் இதே கணக்குதான். லோகோவின் ஓ எழுத்து மேலே திறந்திருந்தால் உடனே விலையைக் கூட்டுவது ஒரு நோயாகவே ஆகிவிட்டது. திறந்த ஓ ஒரு காலகட்டத்தின் அடையாளம், தரத்தின் அடையாளம் ஆகாது. மூடிய ஓவிலும் நான் அற்புதமான கிட்டார் வாசித்திருக்கிறேன்.

காதுக்காரர்கள் ஒரு கட்சி. 'சத்தம் நன்றாக இருந்தால் எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?' நல்ல சத்தத்துக்காக வாங்குகிறவர் புதுக் கிட்டார் வாங்கலாம், இன்று நல்லவை ஏராளம். பழசுக்கென்று கூடுதல் காசு கேட்டால், அது பழசுதானா என்று பார்க்கும் உரிமை வந்துவிடுகிறது. காது எனக்குத் தேதி சொன்னதில்லை.

டோக்கியோவில் ஓச்சனோமிசு ரயில் நிலையத்தை விட்டு இறங்கினால் வரிசையாகக் கிட்டார் கடைகள். அங்கே ஒரு மாடிக் கடையில் ஒரு பெரியவர், விலை கேட்டவுடன் பதில் சொல்லாமல், ஃபெல்ட் துணியை விரித்து நெக்கைக் கழற்றி இரண்டு பாகமாக என் முன்னால் வைத்தார். அதன் பிறகுதான் விலை சொன்னார். அப்படிப் பார்த்தவனுக்கு இன்றைய விளம்பரங்களைச் சகிக்க முடியவில்லை. 30 படம் போடுகிறார்கள், அதில் பத்து படம் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்ந்து நிற்கும் அழகுப் படம். ஃபிங்கர்போர்டை எண்ணெய் போட்டுப் பளபளப்பாக்கி, 40 வருட அழுக்கை, அதாவது சாட்சியை, துடைத்து எறிந்திருப்பார்கள். நெக் பாக்கெட் படம் கேட்டால் 'ஸ்ட்ரிங் புதுசு சார், கழற்ற முடியாது' என்று பதில் வரும். ஒரு செட் ஸ்ட்ரிங்கின் விலையை நானே தருகிறேன் என்று எழுதினால் பிறகு பதிலே வராது.

ஃப்ரெட் மாற்றியிருந்தால் நான் முகம் சுளிப்பதில்லை. வாசித்த கிட்டார் என்று அர்த்தம். நட்டும் அப்படியே. டியூனர் மாறியிருந்தால் பழைய ஸ்க்ரூ துளைகளை மறைக்காமல் விட்டிருக்க வேண்டும். ட்ரெமோலோவின் பின்மூடி காணாமல் போயிருப்பது ஏறக்குறைய நல்ல சகுனம்.

யாராவது என்னிடம் எதை வாங்குவது என்று கேட்டால் எஸ்டி-50 என்றுதான் சொல்வேன். மாடல் எண்ணிலேயே விலை இருக்கிறது, அன்றைக்கு 50,000 யென். லாக்கர் இல்லை, பெருமை பேச எதுவும் இல்லை. பாடி சென் மரமாக இருந்தால் ஆஷ் மாதிரி அலையலையாக ரேகை ஓடும், கொஞ்சம் கனக்கும். எஸ்டி-100-ஐ இன்னொன்றிலிருந்து செய்ய ஆள் இருக்கிறது. 50-ஐப் போலியாகச் செய்ய எவனும் மெனக்கெடுவதில்லை, அவனுக்குக் கட்டுப்படியாகாது. நேரில் போனால் ஜேஐஎஸ் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் ஒரு செட் ஸ்ட்ரிங்கும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.