எட்டுக் கம்பி வாய்ப்பாடு

சமுதாயக் கல்லூரி ஹார்டுவேர் வகுப்பில் எனக்குப் பிடித்த பாடம், லேன் கேபிளுக்கு முனை கட்டுவது. மேலுறையைச் சீவினால் நாலு ஜோடி, எட்டுக் கம்பிகள். ஒவ்வொரு ஜோடியும் முறுக்கியிருக்கும். அது அழகுக்கு அல்ல. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பியிலும் ஒன்றுபோல் ஏறி, மறுமுனையில் கழிந்துபோகத்தான். அதனால் முறுக்கை அவிழ்ப்பதில் கஞ்சத்தனம் வேண்டும்: 13 மி.மீ.க்கு மேல் கூடாது.

பிறகு வரிசை. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. வாய்ப்பாடு போல முணுமுணுத்தபடி விரலால் நீவி, நுனியை ஒரே மட்டமாக நறுக்கி, ஆர்ஜே45 முனைக்குள் செருகி, கிரிம்பிங் டூலை அழுத்தினால் ஒரு ‘டக்’.

டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு ஓடும்போது, முழம் பூவைத் தொடுத்து முடிச்சிட்ட நிறைவு. ஆனால் பச்சை ஜோடி நீல ஜோடியை நடுவில் விட்டுப் பிரிந்து நிற்க வேண்டும். இரு முனையிலும் அதை மறந்து ஜோடி ஜோடியாக அடுக்கினாலும் எட்டு விளக்கும் எரியும். வேகம் மட்டும் தடுமாறும். விளக்குக்குத் தெரியாததை விரலுக்குத் தெரியவைப்பதே அந்த வகுப்பு.