ஊர் சேராத தமிழ்

லினக்ஸ் கணினியில் முனையத்தைத் திறந்து ‘லோக்கேல்’ என்று தட்டினால் ஒரு பட்டியல் வரும். செய்தி, தேதி, எண், நாணயம், தொலைபேசி என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு மொழிக் குறியீடு, அடிக்கோடு, ஒரு நாட்டுக் குறியீடு. தமிழ் என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த ஊர்த் தமிழ் என்றும் சொல்லியாகணும். இதை நான் ஒரு இலக்கியப் பிரதியாகவே வாசிக்கிறேன்.

லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் தமிழுக்கு இரண்டே நாடுகள்: இந்தியா, இலங்கை. ஜொகூரில் ஒருவர் கணினியைத் தமிழுக்கு மாற்ற இந்தியத் தமிழை எடுத்தால், ரூபாய்க் குறியும் 91 என்ற தொலைபேசிக் குறியீடும் 10,00,000 என்று பிரியும் எண்ணும் கூடவே வரும். இங்கே வங்கிக் கணக்கில் அது 1,000,000.

குறுக்குவழி உண்டு. மொழிக்கு இந்தியத் தமிழ், நாணயத்துக்கு மலேசிய மலாய் என்று தனித்தனியாக அமைக்கலாம். வேலை நடக்கும். ஆனால் பேச்சு அங்கிருந்து, காசு இங்கிருந்து. நம் கதைகளில் ‘மலேசிய அனுபவத்தை’ மட்டும் பாராட்டிவிட்டு மொழியைத் தமிழ்நாட்டு அளவுகோலால் அளக்கும் விமர்சனமும் இதைத்தான் செய்கிறது.

யாரோ நம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்று புலம்புவது சுலபம். அது சோம்பேறி வாசிப்பு. ஒருங்குறிக் கூட்டமைப்பின் சிஎல்டிஆர் தரவில் மலேசியத் தமிழ் தனியாகவே இருக்கு, மூன்று மூன்றாகப் பிரியும் எண்ணோடு. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். ஜிலிப்சிக்கும் யார் வேண்டுமானாலும் ஒரு வட்டாரக் கோப்பை எழுதி அனுப்பலாம். அதில் பெரும்பகுதியை ‘காப்பி’ என்ற கட்டளையால் இந்தியக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் மீதியுள்ள வரிகளில்தான். காசை ரிங்கிட் என்று எழுதுவதா, வீட்டில் சொல்வதுபோல் வெள்ளி என்றா? வாரத்தின் முதல் நாள் எது? 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. 2025-இல் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. நாட்டுக்கு ஒரு கோப்பு என்ற கணக்கில் அந்தப் பதினோரு வருஷ ஜொகூர் எங்கேயும் பதிவாகாது.

‘மலேசியத் தமிழ்’ என்று மேடைதோறும் பேசுகிறோம். காப்பி எடுக்க முடியாத வரிகள் எவை என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தால், அந்தப் பேச்சுக்கு ஒரு ஆதாரம் கிடைக்கும். இல்லையென்றால், நாம் பெருமைப்படும் வேறுபாடு எவ்வளவு சின்னது என்றாவது தெரியும். எதுவானாலும் தெரிந்துகொள்வது நல்லது.